வயர் இல்லாத போனும் என் பொய்களும்

என் மனைவியின் கால் உடைந்ததற்கு நான் காரணம் இல்லை, தொலைபேசிதான் காரணம். இதைப் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்புவதாக இல்லை.

எங்கள் வீடு உடையார்கட்டில் இருக்கிறது. ஹோலில், வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், வீட்டுத் தொலைபேசி. லண்டனில் இருக்கும் எங்கள் ஒரே மகள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்தரைக்கு அதில்தான் எடுப்பாள். கைத்தொலைபேசி எங்களிடமும் உண்டு. ஆனால் எந்தக் கொம்பனிச் சிம்மைப் போட்டாலும் எங்கள் வளவில் கிணற்றடியில் மட்டுந்தான் சிக்னல் வரும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் அது வெறும் மணிக்கூடு.

அன்றைக்கும் ஐந்தரைக்குப் போன் அடித்தது. மனைவி பின்வளவில் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். நான் போனுக்குப் பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டினால் எட்டும் தூரம். ஆனால் நான் எடுத்தால் மகள், "அப்பா, சுகமா? அம்மாட்டைக் குடுங்கோ" என்பாள். நாலு சொல். அந்த நாலு சொல்லுக்காகப் பேப்பரை மடிக்க வேண்டுமா என்று யோசித்து, "இஞ்சாரும், போன் அடிக்குது!" என்று சத்தம் மட்டும் போட்டேன்.

அவள் ஓடி வந்தாள். குசினிப் படி அப்போதுதான் கழுவி விட்ட படி. விழுந்தாள். வலது கணுக்காலில் முறிவு.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரர் போட்டார்கள். ஆறு கிழமைக்குக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது, தலையணையில் உயர்த்தி வைத்திருக்க வேண்டும், கட்டிலும் அதற்குப் பக்கத்திலுள்ள கக்கூசும்தான் உலகம் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள் வைத்தே மனைவி என் கையைப் பிடித்தாள். வலியில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, கட்டளை.

"பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. சொன்னியள் எண்டால் மற்றக் கால் இருக்கு, அதாலை உதைப்பன்."

காரணம் இருந்தது. மகளுக்கு அது ஒன்பதாவது மாதம். பிரஷர் கூடி நின்றது. மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று அங்கத்தைய டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். ஆகவே அம்மா விழுந்த கதை அவளுக்குப் போகக் கூடாது. நியாயமான முடிவு. ஒரேயொரு குறை: அந்த முடிவைக் காப்பாற்றும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது.

முதல் நாள் மகள் எடுத்தாள்.

"அம்மா எங்கை அப்பா?"

"குளிக்கிறா."

நல்ல பொய். சுத்தமான பொய். இரண்டாம் நாள், "கோயிலுக்குப் போட்டா." மூன்றாம் நாள், "ஆட்டுக்குக் குழை வெட்டப் போட்டா." நாலாம் நாள் எனக்குக் கற்பனை வற்றிப் போய், திரும்பவும் "குளிக்கிறா" என்று விட்டேன்.

"அம்மா விடிய வெள்ளன எல்லோ குளிக்கிறவா. இப்ப என்ன பின்னேரத்திலை குளிப்பு?"

"வெக்கை பிள்ளை. சரியான வெக்கை."

மனைவி அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் போனை வைத்ததும் தீர்ப்பு வரும். "பொய் சொல்லவும் ஒரு மூளை வேணும்."

அவளை ஹோலுக்குக் கொண்டுபோகவும் பார்த்தோம். பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, நான் பின்னாலிருந்து இழுத்தேன். அறை வாசல் நிலையைத் தாண்டும்போது கதிரையின் ஒரு கால் படீரென்று பிளந்தது. அவளை நான் பிடித்தேனா, அவள் என்னைப் பிடித்தாளா என்பது இன்றுவரை தீராத வழக்கு. இன்னொரு பிளாஸ்ரருக்கு எங்களிடம் கால்கள் மிச்சம் இல்லை என்பதால் அந்த முயற்சியைக் கைவிட்டோம். போனைக் கட்டிலடிக்குக் கொண்டுபோகலாம் என்றால், அதன் வயர் சுவரிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் வராது.

ஐந்தாம் நாள்தான் நான் பெரிய பிழை விட்டேன்.

"அம்மா?"

"செத்த வீட்டுக்குப் போட்டா."

"ஆற்றை செத்த வீடு?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. யாராவது ஒருவர் அவசரமாகச் சாக வேண்டியிருந்தது. வாயில் வந்தவர் சந்திக் கடைக்காரர். பாவம், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர்.

 மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அந்த மனுசன் ஒரு மணித்தியாலத்துக்கு முதல் பேஸ்புக்கிலை மாம்பழத்தோடை நிண்டு படம் போட்டிருக்கிறார்."

  நான் அடுத்த பொய்யைத் தேட முதல் அவளே கேட்டாள்.

"அப்பா... அம்மா இருக்கிறாவோ?"

"ஐயோ பிள்ளை, இருக்கிறா, சத்தியமா இருக்கிறா!"

"அப்ப ஏன் கதைக்கிறா இல்லை? நாளண்டைக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கினம். வயித்தை வெட்டித்தான் எடுக்கப் போயினமாம். விடிய ஏழு மணிக்கு வெளிக்கிட முதல் எடுப்பன். உங்களுக்குப் பதினொண்டரை. அம்மா கதைக்காட்டி நான் தியேட்டருக்குள்ளை போகமாட்டன்."

போன் வைக்கப்பட்டது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தீர்ப்பு எதுவும் வரவில்லை. மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. ஆறு நாளாகக் கால் வலிக்கு அழாதவள்.

அடுத்த நாள் புதுக்குடியிருப்புக்கு மோட்டச்சைக்கிளை விட்டேன். வயர் இல்லாத வீட்டுப் போன் ஒன்று இருக்கிறதென்று அறிந்திருந்தேன். கட்டை ஒன்று ஹோலில் வயரோடு இருக்கும், பேசும் பகுதியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடக்கலாம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"ஐயா, இதுக்குள்ளை ரெண்டு சின்ன பற்றி இருக்கு. முதல்தரம் பதினாறு மணித்தியாலம் சார்ஜிலை போடவேணும். போடேக்குள்ளை சிவப்பு..."

"தம்பி," என்று நான் கையைக் காட்டி நிறுத்தினேன், "பற்றியைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதையும். பொருளாதாரத் தடைக்காலத்திலை ஒரு பற்றிக்கும் வழியில்லாத நேரம், சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆள் நான். செத்த பற்றியை வெயிலிலை காயவிட்டு ரெண்டு கிழமை பாவிச்சிருக்கிறன்."

"சரி ஐயா," என்றார் அவர். சிவப்பு என்ன செய்யும் என்பது அவருடைய வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

பின்னேரம் நாலு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். பழைய போனைக் கழற்றி, அந்த வயரைப் புதுக்கட்டையில் செருகினேன். கட்டையைக் கரண்டில் போட்டேன். பச்சை லைற் எரிந்தது. பற்றிகளைப் போட்டு மூடினேன். எல்லாம் ஒழுங்கு. ஒன்று மட்டும் மிச்சம்.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் பொட்டு வைக்காமல் வேலைக்கு இறங்கியதில்லை. உழவு மெஷினுக்கு வைத்தோம், தண்ணீர் மோட்டருக்கு வைத்தோம், சோறு அவிக்கிற குக்கருக்கும் வைத்தோம். வழக்கமாக இது மனைவியின் பகுதி. அவள் படுக்கையில் என்பதால் நானே சந்தனத்தைக் குழைத்தேன். மகளின் காரியம் என்பதால் சற்றுத் தாராளமாகவே குழைத்தேன். எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. முன்பக்கம் முழுக்க இலக்கங்கள், மேலே சின்னக் கண்ணாடி. பின்பக்கம் காதில், கன்னத்தில் ஒட்டும். திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அடிப்பக்கத்தில் சின்னதாக இரண்டு வெள்ளித் தகடு. பொட்டு வைக்கவென்றே கொம்பனிக்காரன் இடம் விட்டதுபோல இருந்தது. தமிழாட்களுக்கும் விற்க நினைத்திருக்கிறான், கெட்டிக்காரன், என்று மனதுக்குள் மெச்சினேன். தகட்டுக்கு ஒன்றாக இரண்டு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு தரம் காட்டி, கும்பிட்டு, கட்டையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"போட்டாச்சோ?" அறைக்குள் இருந்து குரல்.

"போட்டாச்சு. பச்சை லைற் எரியுது. விடிய எட்டு மணிக்கு ரெடி."

அன்று பின்னேரம் ஐந்தரைக்குப் போன் அடிக்கவில்லை. மகள் கோபத்தில் இருக்கிறாள் என்று இருவரும் எடுத்துக்கொண்டோம்.

காலை எட்டு மணிக்குப் பெருமையோடு அதைத் தூக்கிக்கொண்டு மனைவியிடம் போனேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். சத்தம் இல்லை. கண்ணாடி கறுப்பாகவே கிடந்தது. எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். தட்டினேன். உதறினேன். கடைசியில் "ஹலோ" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"என்னப்பா, பேசுதில்லையோ?"

"பற்றி பழசு. கடைக்காரன் ஏமாத்திப் போட்டான். இரும், நான் சரிப்படுத்திறன்."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பற்றி இரண்டையும் கழற்றி, சுளகில் வைத்து, முற்றத்தில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துக் காயவிட்டேன். காகம் தூக்காமல் பக்கத்தில் குந்தியிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற தம்பி மோட்டச்சைக்கிளை நிறுத்தினான். சுளகை எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணை, கருவாடு போட்டிருக்கிறியளோ?"

"பற்றியடா."

"மாதாவாணை, இந்தச் சாதி மீனை நான் இதுவரைக்கும் கடலிலை கண்டதில்லை. உப்புப் போட்டனீங்களோ? போடாட்டி புழு வைக்கும்."

"போடா, போய் உன்ரை வேலையைப் பார்."

"அக்காவுக்குச் சூடை மீன் ரெண்டு வைச்சிட்டுப் போறன். கால் முறிவுக்கு முள்ளோடை சாப்பிடச் சொல்லுங்கோ. உங்களுக்குச் சாப்பிட இந்த ரெண்டு பற்றியும் காணும் போலை கிடக்கு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். ஒன்பதரை மணியானது. பற்றிகள் தொட முடியாமல் சுட்டன. திரும்பப் போட்டேன். பழைய நிலைதான். அப்போதுதான் அறைக்குள் இருந்து மனைவி நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. பழைய போனை எப்ப கழட்டினனீங்கள்?"

"நேற்று நாலு மணிக்கு."

"புதுசு வேலை செய்யேல்லை. பழசு வயரிலை இல்லை. அப்ப நேற்று ஐஞ்சரைக்குப் பிள்ளை எடுத்திருந்தா ஆருக்குக் கேட்டிருக்கும்?"

 அம்மா இருக்கிறாளா என்று கேட்டவளுக்கு, அடுத்த நாள் அந்த வீட்டில் போன் எடுக்கவே ஆளில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்திருக்கும். அப்பனையும் சேர்த்து அவள் கணக்கிலிருந்து எடுத்திருப்பாள். பிரஷர் எந்த உயரத்தில் நிற்குமோ.

கிணற்றடிக்கு ஓடி, கைத்தொலைபேசியில் அவளுக்கு எடுக்கலாம் என்றால், அங்கே விடிய ஐந்து மணி. எடுத்து என்ன சொல்வது? அம்மா திரும்பவும் குளிக்கிறாள் என்றா?

"இஞ்சை கொண்டு வாங்கோ அதை," என்றாள் மனைவி. "கட்டையையும் கழட்டிக்கொண்டு வாங்கோ."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதுவரை அந்தப் போனைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. தலையணையில் சாய்ந்தபடி முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், அடிப்பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிய கை அப்படியே நின்றது.

"இதுக்கு ஆர் பொட்டு வைச்சது?"

"நான்தான். புதுச் சாமான் எல்லோ."

"பொட்டை நெத்தியிலை வைக்கிறதோ, வாயிலை வைக்கிறதோ?"

"என்ன வாய்?"

அவள் கட்டையைத் தூக்கி அதன் பள்ளத்தைக் காட்டினாள். அதற்குள்ளும் இரண்டு சின்னக் கம்பி நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. "இதுவும் இதுவும் முட்டினால்தானே கரண்ட் ஏறும். நீங்கள் அதின்ரை வாயிலை சந்தனத்தை அப்பி அடைச்சுப்போட்டு, அது சாப்பிடுதில்லை எண்டு வெயிலிலை குந்தி இருக்கிறியள்."

"பச்சை லைற் எரிஞ்சதே..."

"அது கட்டைக்குக் கரண்ட் வந்த லைற். போன் சாப்பிடுற லைற்றோ?"

கடைக்காரருடைய வாய்க்குள் நின்றுபோன சிவப்பு எனக்கு இப்போதுதான் விளங்கியது.  டைனமோ சுற்றிய கதையை அந்த நேரத்தில் எடுத்தால் மற்றக் கால் வேலைக்கு வரும் என்று தெரிந்தது.

இரவு முழுக்கக் காய்ந்து ஓடுபோல இறுகியிருந்தது என் சந்தனம். அவள் கொண்டையூசியைக் கழற்றி, மெல்ல மெல்லச் சுரண்டினாள். நான் ஈரத்துணி பிடித்தேன், காய்ந்த துணி பிடித்தேன், ஊதச் சொன்னபோது ஊதினேன். கம்பி நாக்குகளில் ஒட்டியிருந்ததையும் துடைத்தோம். கட்டிலடிப் பிளக்கில் கட்டையைப் போட்டு, போனை அதில் நிறுத்தினோம். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அதன் நெற்றியில், நான் பொட்டு வைக்க இடம் தேடி அலைந்த அதே நெற்றியில், சிவப்பாக ஒரு லைற் எரிந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் சிரிக்கவில்லை. மணி பத்து. பதினாறு மணித்தியாலத்துக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது ஒன்றரை மணித்தியாலம்.

அதற்குள் மகளுக்குச் சொல்ல ஒரு நல்ல பொய்யும் தயார் செய்தோம். அம்மாவுக்குத் தொண்டை கட்டி, டொக்டர் கதைக்க வேண்டாம் என்று சொன்னது. அதனால்தான் இவ்வளவு நாளும். இதை மனைவியே இயற்றினாள். என்னுடைய சரக்கை அவள் நம்பவில்லை. பதினொன்று இருபதுக்குக் கட்டையை ஹோலுக்குக் கொண்டுபோய் வயரில் செருகினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். காதுக்குள் "ங்ங்ங்" என்று நீளமாக ஒரு சத்தம். அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை. காதில் வைத்தபடியே அறைக்கு நடந்தேன், சத்தம் வந்தது. குசினிக்கு நடந்தேன், வந்தது. ஆட்டுக் கொட்டில்வரை போனேன், அங்கேயும் வந்தது.

"ஊர்வலம் போய் இருக்கிற சார்ஜையும் முடிக்காதேங்கோ!" என்று அறைக்குள் இருந்து கத்தல். ஓடி வந்து அவள் கையில் கொடுத்தேன்.

பதினொன்றரை. அடிக்கவில்லை. பதினொன்று முப்பத்தைந்து. அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நான் கட்டிலின் காலடியில் நின்றேன். பதினொன்று நாற்பது. இனி எடுக்கமாட்டாள், ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டு போய்விட்டாள் என்று நான் முடிவுகட்டிய நேரம் போன் மனைவியின் நெஞ்சிலேயே அலறியது. பதற்றத்தில் அவள் எந்தப் பொத்தானை அழுத்தினாளோ, லண்டன் முழுவதும் அறைக்குள் கேட்டது.

"அப்பா?" மகளின் குரல் கரகரத்திருந்தது.

"பிள்ளை," என்றாள் மனைவி.

 அந்தப் பக்கத்தில் ஒரு விம்மல்.

"அம்மா? நீங்கள்தானே? உண்மையா நீங்கள்தானே?"

"வேறை ஆர்? குரல் மாத்திக் கதைக்கிற கெட்டித்தனம் உன்ரை கொப்பருக்கு இருக்கோ?"

அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது. "நேற்று எத்தினை தரம் எடுத்தனான் தெரியுமோ? ஒருத்தரும் எடுக்கேல்லை. நான் இரா முழுக்க நித்திரை இல்லை. எங்கையம்மா போனீங்கள் இவ்வளவு நாளும்?"

தொண்டை கட்டிய கதை தயாராக இருந்தது. நான் தொண்டையைத் தடவிச் சைகையும் காட்டினேன். மனைவி என்னைப் பார்த்தாள், பிளாஸ்ரர் காலைப் பார்த்தாள்.

"கால் உடைஞ்சு கிடக்கிறன் பிள்ளை. படியிலை வழுக்கிப்போட்டுது. உன்னட்டைச் சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் கொப்பரைத் தடுத்தனான்."

போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். பிரஷர்.

"கால்தானோ?" என்றாள் மகள்.

"ஓம், கணுக்கால்."

"கால் மட்டும்தானே அம்மா? வேறை ஒண்டும் இல்லையே? ஐயோ, கடவுளே, கால்தான்! கால்தானாம்!" என்று பக்கத்தில் யாருக்கோ, மருமகனுக்காக இருக்கும், சந்தோசமாகக் கத்தினாள். பெற்ற தாயின் கால் முறிந்ததற்கு ஒரு பிள்ளை இப்படி மகிழ்ந்ததை நான் அன்றுதான் கேட்டேன். மனைவியும் சிரித்தாள். சிரிப்பில் கால் அசைந்து, "ஆ" என்று விட்டு, திரும்பவும் சிரித்தாள்.

பிறகு இருவரும் என்னை ஒரு பொருட்டாக எண்ணாமல் கதைத்தார்கள். எந்தப் பக்கம் சரிந்து படுப்பது, எது சாப்பிடக் கூடாது, வெட்டின இடம் எத்தனை நாளில் ஆறும் என்றெல்லாம். எப்படி விழுந்தீர்கள் என்று மகள் கேட்டதற்கு, "போன் எடுக்க ஓடி வந்தனான். கொப்பர் அதுக்குப் பக்கத்திலை பேப்பர் படிச்சுக்கொண்டிருந்தவர்" என்று மனைவி சொன்னதையும் நான் கேட்டேன். நான் அங்கே நிற்கிறேன் என்பதை இருமிக் காட்டினேன். பலன் இல்லை.

எட்டாவது நிமிடம் போன் "பீப்" என்றது. ஒன்பதாவது நிமிடம் இரண்டு தரம்.

"சார்ஜ் முடியுது பிள்ளை. பயப்பிடாமல் போட்டு வா. நான் இஞ்சை காலை நீட்டிக்கொண்டு உன்னைத்தான் நினைச்சுக்கொண்டிருப்பன்."

"சரியம்மா. போட்டு வாறன்."

அத்துடன் கண்ணாடி கறுத்துப்போனது. மனைவி போனை என்னிடம் நீட்டினாள். எடுத்துப்போய் கட்டையில் நிறுத்தி, சிவப்பு எரிகிறதா என்று குனிந்து பார்த்து, எரிகிறது என்று உறுதிசெய்தபின்தான் நிமிர்ந்தேன். பின்னேரம்வரை அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் குனிந்து பார்த்தேன்.

பொழுதுபடுகிற நேரம் போனை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் மணி அடித்தது, நின்றது. "இஞ்சாருங்கோ!" என்று ஒரு கத்தல். சவர்க்கார நுரையோடு, ஈரச் சாரத்தோடு ஓடினேன். குசினிப் படியில் மட்டும் மெதுவாகக் கால் வைத்தேன்.

"என்னவாம்? என்னவாம்?"

மனைவி ஒரு கையால் போனைக் காதில் அழுத்திப் பிடித்து, மறு கையால் என்னைப் பொறுக்கச் சொன்னாள். கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பயந்துபோனேன். பிறகு போனை அரை விரல் விலக்கி, "பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகமாம்" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பவும் காதில் வைத்துக்கொண்டாள்.

நான் ஈரத்தோடு கட்டில் விளிம்பில் இருந்தேன். போனுக்குள் இருந்து பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மனைவி அதற்கும் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒருவரும் போனைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.  தந்து, ஏன் குரல் அடைக்கிறது என்று மகள் கேட்டிருந்தால், தடிமன், சளி என்று சொல்லியிருப்பேன்.